ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான்: ஓட்டுநரின் செவியும் பாதையின் உரிமையும்

 

லாரியின் ஹாரனைப் பற்றி மதரஸா ஆசிரியர் ஒருவர் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என நம் சமுதாயத்தார் செறிந்து வாழும் ஊர்களையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்துச் செல்வது சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. 46 என்று நாம் மனனம் செய்து வைத்திருந்த அதன் எண் இப்போது 48. நம் உணவு அந்தச் சாலையில்தான் வருகிறது. பச்சைத் தோல் வருவதும் அதன் வழியே. செருப்பும் ஷூவும் கன்டெய்னரில் ஏறித் துறைமுகத்திற்குப் போவதும் அதன் வழியே. நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபின் ஜன்னலும் அந்தச் சாலையிலிருந்து பிரியும் தெருவை நோக்கியே திறந்திருக்கிறது. எனவே ஹாரன் நமக்கு அந்நியமான பொருளன்று.

நம்மிடம் ஓதும் ஒரு மாணவனின் தந்தை லாரி ஓட்டுநர். சென்னை பெரியமேட்டிலிருந்து உப்பிட்ட தோலை ஏற்றி ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் கொண்டுவருவது அவர் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டுகிறார். அவர் ஒருநாள் அஸருக்குப் பின் வந்து நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார்: "ஹஜ்ரத், முதலாளி வண்டியில நம்ம தேவைக்குன்னு ஒரு சுவிட்ச் போட்டுக்கலாமா? கேக்காம போட்டா குத்தமா?"

விவரம் இதுதான். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அதனுடன் தோள்பட்டை இறுகிப்போகும் நோயும் சேர்ந்துவிட்டது. சர்க்கரை உள்ளோருக்கு இது மிகுதியாக வருவதை மருத்துவர்கள் சொல்வார்கள். அவர் ஓட்டும் பழைய லாரியில் ஹாரன் பொத்தான் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. இடக்கை கியரில் இருக்கும்போது வலக்கையைச் சக்கரத்தின் விளிம்பிலிருந்து எடுத்து நடுவில் அழுத்த வேண்டும். பாரம் ஏற்றிய லாரியில், வளைவில், தோள் வலியோடு அந்தக் கையை எடுக்கும் ஒரு நொடி சாதாரண நொடியன்று. கட்டைவிரல் எட்டும் இடத்தில், சக்கரத்தின் ஆரக்கம்பியின் மீது, சிறிய பொத்தான் ஒன்றை வைத்துக்கொண்டால் கையை எடுக்க வேண்டியதில்லை. அவர் கேட்டது அவ்வளவே.

ஃபிக்ஹின்படி இதற்கு விடை எளிது. வண்டி ஓட்டுநரின் கையில் உள்ள அமானத். மாதச் சம்பளத்திற்கு ஒருவரிடம் பணிபுரிபவரை 'அஜீர் காஸ்' என்று ஹனஃபி நூல்கள் அழைக்கின்றன. அவர் கையில் உள்ள பொருளுக்குச் சேதம் நேர்ந்தால், வரம்பு மீறலோ அலட்சியமோ அவரிடம் இல்லாதவரை, அவர் ஈடு செலுத்த வேண்டியதில்லை. உரிமையாளரின் அனுமதியின்றி வண்டியின் மின் இணைப்பில் கைவைப்பது வரம்பு மீறலில் சேரும். நாளை அந்த வயர் உரசித் தீப்பிடித்தால் பொறுப்பு அவர் தலையில் விழும். ஆகவே, "முதலில் முதலாளியிடம் கேளுங்கள் பாய்; அவர் சம்மதித்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றோம்.

முதலாளி சம்மதித்தார். பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் ஒன்றைச் சேர்த்துச் சொன்னாராம்: "அந்தப் பொத்தானை ஏர் ஹாரனோடு சேர்த்துவிடு." அதன் பின்னரே அந்த வண்டியில் ஏர் ஹாரன் இருப்பது நமக்குத் தெரிந்தது.

ஏர் ஹாரன் என்பது காற்றழுத்தத்தால் ஒலிப்பது. லாரியின் பிரேக்குக்காக அழுத்தி வைக்கப்பட்டுள்ள காற்றை ஒரு குழாய் வழியாகத் தகட்டின் மீது பாய்ச்ச, அத்தகடு அதிர்ந்து நீண்ட குழலின் வழியே ஒலி பெருகி வெளிவரும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 119ஆம் விதி, ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு சுரங்களை எழுப்பும் ஹாரனையும், மிகையாகக் கடூரமாகவும் கிறீச்சென்றும் அச்சுறுத்தும் வகையிலும் ஒலிக்கும் கருவிகளையும் வாகனங்களில் பொருத்தக்கூடாது என்கிறது. தேவையின்றியோ தொடர்ச்சியாகவோ ஹாரன் அடித்தாலும், தடைசெய்யப்பட்ட இடத்தில் அடித்தாலும், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறை 1,000 ரூபாயும் அடுத்த முறை 2,000 ரூபாயும் அபராதம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளிலும், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அறிவிக்கப்பட்ட அமைதி மண்டலங்களிலும் அவசரநிலை தவிர ஹாரன் ஒலிக்கவே கூடாது என்று ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஃபஜ்ருக்கு முன் நம் தெருக்களில் கேட்பது என்ன என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ஓட்டுநர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் அமர்ந்துகொண்டு "இந்த லாரிக்காரர்களுக்கு ஹாரன் ஒரு விளையாட்டு" என்று பேசுவது எளிது. மாலையில் ஷூ கம்பெனிகள் விடும் நேரத்தில் ஆம்பூரில் சாலையோரம் நின்று பாருங்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே வேளையில் வெளியே வருகிறார்கள். ஷேர் ஆட்டோ எதிர்த்திசையில் வருகிறது. இரு சக்கர வாகனம் தடுப்புச்சுவர் இடைவெளியில் திடீரென நுழைகிறது. நிறைபாரம் ஏற்றிய லாரியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அந்த ஓட்டுநருக்கு ஹாரன் எச்சரிக்கை. பல வேளைகளில் ஓர் உயிரைக் காக்கும் எச்சரிக்கை. நம் நாட்டு லாரிகளின் முதுகில் ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதியிருப்பதும் பின்னால் வருபவரை நோக்கிய வேண்டுகோளே. அந்த வாசகம் வீண் ஒலியைத் தூண்டுகிறது என்று மகாராஷ்டிர அரசு 2015இல் அதற்குத் தடை விதித்தது. நம் பக்கத்து லாரிகளில் இன்றும் காண்கிறோம். 2021இல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, ஹாரன்களில் புல்லாங்குழல், தபேலா போன்ற நம் நாட்டு இசைக்கருவிகளின் ஒலியே வர வேண்டும் என்று சட்டம் கொண்டுவரும் எண்ணத்தைக் கூறினார். நெரிசலில் நூறு புல்லாங்குழல் ஒன்றாக ஒலித்தால் எப்படி இருக்கும் என்று மாணவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். நமக்கும் விடை தெரியவில்லை.

ஓட்டுநர் ஏர் ஹாரனை விரும்பவில்லை. காரணத்தை அவர் சொல்வதற்கு முன்பே நாம் வேறொரு வழியாக ஊகித்திருந்தோம்.

அவர் மகனுக்கு 'ஸீன்', 'ஸாத்', 'ஸே' ஆகிய மூன்று எழுத்துகளின் மக்ரஜைத் திருத்திக்கொண்டிருந்தோம். நாக்கின் நுனியைப் பற்களின் விளிம்பில் வைத்து மெல்லிதாக ஊதும் 'ஸே'யை அவன் எப்போதும் 'ஸீன்' போலவே ஓதுவான். வகுப்பில் திருத்தினால் திருந்தும். மறுநாள் பழையபடியே வருவான். "வீட்டில் யாரிடம் ஓதிக்காட்டுகிறாய்?" என்று கேட்டோம். "அத்தாகிட்ட. சரியா இருக்குன்னு சொன்னாங்க" என்றான். அவன் அத்தாவோ சிறு வயதில் நன்றாக ஓதியவர். அவர் அதைச் சரி என்றது அவருக்கு வேறுபாடு கேட்காததால்.

பேரொலியால் கேட்கும் திறன் கெடும்போது அது எல்லா ஒலியையும் சமமாகக் கெடுப்பதில்லை. முதலில் கெடுவது கீச்சென்ற உயர் அதிர்வு ஒலிகளைக் கேட்கும் திறன். செவிச் சோதனைத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். பேச்சில் 'ஆ', 'ஊ' போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வில் இருப்பதால் அவை காதில் விழுந்துகொண்டே இருக்கும். 'ஸ', 'ஷ', 'ஃப' போன்ற மெல்லிய ஊதொலிகள் மறையும். ஆகவே பாதிக்கப்பட்டவர் "எனக்குக் காது கேட்கிறது, நீங்கள்தான் தெளிவாகப் பேசுவதில்லை" என்பார். அத்தகையவரை மனைவி மக்கள் குறை சொல்வதும், அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவதும் பல வீடுகளில் நடப்பது. தஜ்வீத் பயின்ற நமக்கு அந்த மூன்று எழுத்துகளே ஒரு சோதனைக் கருவியாக அமைந்தன.

85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது உலகெங்கும் பெரும்பாலும் ஏற்கப்பட்ட அளவு. அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 88 என்றால் நான்கு மணி. 94 என்றால் ஒரு மணி. 100 என்றால் பதினைந்து நிமிடம். எஞ்சின் இரைச்சல், திறந்த ஜன்னல், தலைக்குமேலே கூரையில் பொருத்திய ஏர் ஹாரன் என்று இருபது ஆண்டுகள் கழித்தவரின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தெருவில் நடப்பவருக்கு ஹாரன் ஒரு நொடி. ஓட்டுநருக்கோ அது வேலை நேரம் முழுவதும்.

இதில் ஒரு தீய சுழற்சியும் உண்டு. கேட்கும் திறன் குறைந்தவருக்குத் தம் ஹாரன் மெல்லிதாகத் தோன்றும். இன்னும் பெரிய ஹாரனை நாடுவார். கனரக வாகன உரிமத்திற்கான மருத்துவச் சான்றிதழில், சாதாரண ஒலி எச்சரிக்கைகளைக் கேட்க முடியாத அளவு செவிக்குறை உள்ளதா என்று மருத்துவர் பதில் எழுத வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. ஆகவே தம் செவியைச் சோதிக்கவே ஓட்டுநர்கள் அஞ்சுகிறார்கள். நம் மாணவனின் தந்தையும் அஞ்சினார். குடும்பத்தின் உணவு அந்த உரிமத்தில் இருக்கிறது.

வரலாற்றில் ஒரு விந்தை. மின்சாரத்தால் இயங்கும் கேட்பொறியைச் செவிக்குறை உள்ளோருக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியவர் மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்னும் அமெரிக்கர். 1908இல் 'கிளாக்சன்' என்ற பெயரில் சந்தைக்கு வந்து, மோட்டார் ஹாரனுக்கே பொதுப்பெயராகிப்போன கருவியைக் கண்டுபிடித்தவரும் அவரே.

சரி, பொத்தானுக்கு வருவோம். நெடுஞ்சாலையோரத்தில் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் ஓட்டுநரோடு நாமும் சென்றோம். வயதானவர், பேசிக்கொண்டே வேலை செய்பவர். அவர் முதலில் கேட்டது, "கம்பெனி ஹாரன் என்னாச்சு?" என்பதே. அது பல மாதங்களாகத் தேய்ந்த குரலில் முனகிக்கொண்டிருந்தது. அதனால்தான் ஏர் ஹாரன் வந்தது. அவர் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்து, எர்த் வயர் சட்டத்தோடு சேரும் இடத்தைக் காட்டினார். பச்சைப் பசேலென்று களிம்பு பூத்து, நட்டே கரைந்திருந்தது. உப்பிட்ட தோலிலிருந்து வடியும் உப்புநீர் வண்டியின் இரும்பையும் செம்பையும் தின்றுவிடும் என்பதைத் தோல் லோடு ஏற்றுபவர்கள் அறிவார்கள். ஹாரன் கெடவில்லை, அதற்கு மின்சாரம் முழுமையாகச் சேரவில்லை. களிம்பைச் சுரண்டி, புதிய எர்த் வயரை உப்புநீர் வடியாத இடத்தில் முடுக்கி, கிரீஸ் பூசியதும் பழைய ஹாரன் கணீரென்று ஒலித்தது. பல மாதங்களாக ஊரை அலறவைத்த அந்த ஏர் ஹாரனுக்குத் தேவையே இருந்ததில்லை.

பொத்தான் வேலையில் நாம் அறிந்துகொண்டதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்; பலருக்கும் பயன்படும். ஹாரனுக்குப் போகும் முழு மின்சாரமும் ஸ்டியரிங் பொத்தானுக்குள் ஓடுவதில்லை. இடையில் ரிலே என்ற சிறு பெட்டி இருக்கிறது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் மின்சாரம் ரிலேயின் 30ஆம் முனையில் காத்திருக்கும். 87ஆம் முனையிலிருந்து ஹாரனுக்குச் செல்லும். 85, 86 என்ற முனைகள் உள்ளேயிருக்கும் கம்பிச்சுருளுக்கு உரியவை. அவற்றில் ஒன்று எப்போதும் மின்சாரத்தோடு இருக்க, மற்றொன்று ஸ்டியரிங் பொத்தானுக்கு வருகிறது. நாம் பொத்தானை அழுத்தும்போது அந்த வயர் வண்டியின் இரும்பைத் தொடுகிறது, அதாவது எர்த் ஆகிறது. சுருள் விழித்து ஹாரனை இயக்குகிறது. ஆகவே பொத்தான் வழியே ஓடுவது மிகச் சிறிய மின்சாரம்தான்.

கடினம் எங்கே என்றால், ஸ்டியரிங் சுழல்வது, வண்டி சுழல்வதில்லை. வெளியிலிருந்து புதிய வயரைக் கொண்டுவந்து ஸ்டியரிங் தண்டில் சுருட்டிவிடும் சிலரை எலக்ட்ரீஷியன் திட்டித் தீர்த்தார். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சக்கரம் பலமுறை சுற்றும்; அந்தச் சுருள் என்றாவது இறுகிச் சிக்கினால் திருப்பத்தில் சக்கரம் திரும்பாது. சக்கரத்தின் பின்புறத்தில் செம்பு வளையமும் அதைத் தடவிக்கொண்டே நிற்கும் சிறு தொடுமுனையும் உண்டு; சுழலும் பாகத்திற்குள் ஹாரன் வயர் அவ்வழியாகவே வருகிறது. புதிய பொத்தானை அந்த வயரிலேயே, பழைய பொத்தானுக்கு இணையாகச் சக்கரத்துக்குள்ளேயே இணைத்துவிட்டால் வெளியிலிருந்து எதையும் இழுக்க வேண்டியதில்லை. மறுமுனை சக்கரத்தின் நடு இரும்பில் எர்த் ஆகிறது. இரண்டில் எதை அழுத்தினாலும் ஒலிக்கும். ஒன்று பழுதானால் மற்றது இருக்கும்.

அழுத்தினால் ஒலித்து விட்டால் நிற்கும் பொத்தானாக அது இருக்க வேண்டும். அழுத்தினால் அப்படியே நின்றுவிடும் சுவிட்ச் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். சக்கரத்தில் ஏர்பேக் உள்ள வண்டியானால் இதில் எவரும் கைவைக்கவே கூடாது. நிறுவனத்தின் பணிமனைக்கே செல்ல வேண்டும். பொத்தான், வயர், கூலி எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை.

ஏர் ஹாரனின் குழாயையும் அவர் காட்டினார். பிரேக் காற்றுத் தொட்டியிலிருந்து நேரே ஒரு கிளை வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. கூடுதல் கருவிகளுக்குக் காற்று எடுப்பதானால் பாதுகாப்பு வால்வைத் தாண்டிய தனிச் சுற்றிலிருந்து எடுக்க வேண்டுமாம். இல்லையேல் அந்த மெல்லிய குழாய் வெடிக்கும் நாளில் பிரேக்குக்கான காற்றும் அதன் வழியே போய்விடும். ஒலிக்காகப் பிரேக்கைப் பணயம் வைத்திருந்தார்கள்.

ஓட்டுநர் அங்கிருந்தே முதலாளிக்குத் தொலைபேசியில் பேசி, ஏர் ஹாரனைக் கழற்றிவிட அனுமதி கேட்டார். முதலாளி இசையவில்லை. "மெட்ராஸ் ரோட்டுல கன்டெய்னர்காரன் வழி விடமாட்டான்" என்றார். எஃப்.சி. சோதனை வரும்போது கழற்றி, முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்றார். போலீஸ் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, முன்பு இருமுறை செய்ததைப்போல அபராதத்தை ஓட்டுநரின் பேட்டாவிலேயே கழித்துக்கொள்வதாகச் சொன்னார்.

தோல் தொழிலிலும் லாரித் தொழிலிலும் இருக்கும் நம் சகோதரர்கள் இதை வாசிப்பீர்கள் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறோம். தடைசெய்யப்பட்ட கருவியை வண்டியில் பொருத்தியவர் உரிமையாளர். அதன் அபராதத்தை ஊழியரின் கூலியில் பிடிப்பது அநீதி. ஊழியர் வரம்பு மீறவுமில்லை, அலட்சியம் செய்யவுமில்லை. கூலியைக் குறைக்க ஷரீஅத்தில் இடமில்லை. அவர் வேகமாக ஓட்டி அபராதம் வாங்கினால் அது வேறு கணக்கு. நாம் முதலாளியை மஃரிபுக்குப் பின் நேரில் சந்தித்து இதையே சொன்னோம். சாலையில் அமர்வோர் சாலைக்கு அதன் உரிமைகளைக் கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் கற்பித்ததையும், அவ்வுரிமைகளுள் பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பதும் ஒன்று என்பதையும், லுக்மான் (அலை) தம் மகனுக்குக் குரலைத் தாழ்த்தச் சொன்ன 31ஆம் அத்தியாயத்து வசனத்தையும் நினைவூட்டினோம். அவர் மார்க்கம் அறிந்தவர், பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவர் மனத்தை மாற்றியது பிரேக் காற்றுக் குழாய்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. "லோடோட வண்டி கவுந்தா?" என்று இருமுறை கேட்டுவிட்டு, கழற்றச் சொன்னார். பேட்டாவில் பிடித்ததைத் திருப்பித் தருவதைப் பற்றி அன்று வாய் திறக்கவில்லை. பின்னர் ஒருமுறைக்கான தொகையைக் கொடுத்திருக்கிறார். மற்றதை நாம் மறக்கவில்லை.

பிறர்மீது விழும் தீங்கு என்னும் பேச்சு நம் பகுதிக்குப் புதிதன்று. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் குறித்து வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாக ஓதுகிறார்கள். தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெரும் விதிகளுள் ஒன்று. ஆற்றில் கலந்ததை நம்மவர்கள் பேசப் பழகிவிட்டோம். காற்றில் கலப்பதை இன்னும் தொடங்கவில்லை.

ஓட்டுநர் வேலூரில் செவிச் சோதனை செய்துகொண்டார். உயர் அதிர்வு ஒலிகளில் இழப்பு உள்ளது; பேச்சைக் கேட்பதிலும் ஹாரனைக் கேட்பதிலும் குறையில்லை; உரிமத்திற்கு ஆபத்தில்லை. இழந்தது திரும்பாது, மேலும் இழக்காமல் காத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மகனின் 'ஸே'யை இப்போது அவர் காதால் சோதிப்பதில்லை. "நாக்கு நுனி தெரியுதா, காட்டு" என்று வாயைப் பார்த்தே சோதிக்கிறார். எழுத்தும் திருந்தி வருகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

கழற்றிய ஏர் ஹாரனைப் பழைய சாமான் கடையில் விற்கலாமா என்று அவர் இப்போது கேட்டிருக்கிறார். அப்படியே விற்றால் வேறொரு லாரியில் ஏறிவிடும். தகட்டையும் குழலையும் பிரித்து உலோகமாக எடைக்குப் போடுங்கள் என்றோம். முதலாளியின் பொருள் என்பதால் அந்தப் பணம் அவரிடமே சேர வேண்டும் என்பதையும் சொன்னோம். சென்ற வாரம் வேறு இரு ஓட்டுநர்கள் அதே பொத்தானைக் கேட்டு எலக்ட்ரீஷியனிடம் வந்தார்களாம். ஒருவருடையது புதிய வண்டி. நிறுவனத்தின் பணிமனைக்கு அனுப்பிவிட்டார். மற்றவருக்கு, முதலில் எர்த் வயரைப் பார்த்துவிட்டு அப்புறம் பொத்தானைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.